போலந்தின் உயர்ந்த கட்டடங்களைச் சரியாக வரிசைப்படுத்துவது எப்படி

போலந்தின் மிக உயரமான கட்டடம் எது என்று தேடினால், வார்சா மத்திய ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் வார்சோ டவர் என்ற ஒரே விடைதான் எந்தப் பட்டியலிலும் கிடைக்கும். இரண்டாவது எது என்று கேட்கும்போதுதான் பட்டியல்கள் பிரிகின்றன. சில பட்டியல்கள் தலைநகரின் கலாச்சார, அறிவியல் அரண்மனையைச் சொல்லும். சில, மேற்கே வ்ரோத்ஸ்வாஃப் நகரிலுள்ள ஸ்கை டவரைச் சொல்லும். இரண்டையும் தவறென்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அவை வெவ்வேறு அளவுகோல்களைப் பின்பற்றுகின்றன. கட்டுரை எழுதவோ, வகுப்பில் சொல்லவோ, பயணத்துக்குத் திட்டமிடவோ இத்தகைய பட்டியல் ஒன்றைத் தாமே தயாரிக்க விரும்புவோர் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை, எதைக் கட்டடம் என்று கொள்வது என முடிவுசெய்வது. மண்ணில் ஊன்றி உயர்ந்து நிற்பவை அனைத்தையும் கணக்கில் எடுத்தால், போலந்தின் வரலாற்றில் முதலிடம் கோன்ஸ்டான்டினூஃப் வானொலிக் கம்பத்துக்குத்தான் போகும். 1974-இல் நிறைவடைந்த அந்தக் கம்பம் 646 மீட்டர் உயரமானது. இழுகம்பிகளை மாற்றும் பணியின்போது 1991 ஆகஸ்டில் அது சரிந்து விழுந்தது. ஆயினும் மனிதர் எழுப்பியவற்றில் அதைவிட உயரமானது எதுவும் 2008 வரை உலகில் இல்லை, புர்ஜ் கலீஃபாதான் அதைக் கடந்தது. கம்பங்களையும் புகைபோக்கிகளையும் விலக்குவதற்கு, உயர்ந்த கட்டடங்களைப் பதிவுசெய்யும் பன்னாட்டு மன்றம் ஒரு விதியை வைத்திருக்கிறது: மொத்த உயரத்தில் பாதியளவாவது மனிதர் புழங்கக்கூடிய தளங்களாக இருக்க வேண்டும். இந்த விதியைக் கையாண்டால், 141 மீட்டருக்கு மேல் எழும் லிஹென் பேராலயத்தின் கோபுரமும் பட்டியலைவிட்டு விலகிவிடும். போலந்தின் கட்டட விதிகள் 55 மீட்டரைத் தாண்டியவற்றைத் தனி வகையாக வைத்துத் தீத்தடுப்பு முதலியவற்றில் கடுமையான நிபந்தனைகளை விதிக்கின்றன. அது பாதுகாப்புக்கான வரம்பு. அதைப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டால் சாதாரணக் குடியிருப்பு அடுக்கங்களும் உள்ளே வந்துவிடும். நாடு முழுவதற்கும் 100 மீட்டர், வார்சாவுக்கு மட்டுமானால் 150 மீட்டர் என்ற கீழ்வரம்பு போதும் என்பது என் கருத்து.

அடுத்தது அளவுகோல். இதில்தான் நிதானம் வேண்டும். ஒரே கட்டடத்துக்குக் குறைந்தது மூன்று உயரங்களைக் கூற முடியும். கூரை வரையிலான உயரம் ஒன்று. வடிவமைப்பின் பகுதியாகவே எழுப்பப்பட்ட கூர்முனையையும் சேர்த்த உயரம் இரண்டாவது. கட்டடக்கலை உயரம் என்று சொல்லப்படுவது இதுவே. பின்னாளில் பொருத்தவும் கழற்றவும் கூடிய ஆன்டெனா, கொடிக்கம்பம் முதலியவற்றின் நுனி வரை அளப்பது மூன்றாவது. பன்னாட்டு மன்றம் தரவரிசைக்கு இரண்டாவது உயரத்தையே பயன்படுத்துகிறது. அளவு தொடங்கும் இடமும் வரையறுக்கப்பட்டதே: திறந்தவெளியிலிருந்து நடந்து நுழையக்கூடிய முக்கிய வாயில்களுள் மிகத் தாழ்ந்ததன் தரைமட்டம்.

போலந்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்தவே முடியாது. கூரைக்கு மேல் நீண்ட முனைகளை நிறுத்துவது வார்சாவின் கட்டடங்களில் அவ்வளவு பரவலாக இருக்கிறது. ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் வடிவமைத்த, 53 தளங்களைக் கொண்ட வார்சோ டவரின் உயரம் 310 மீட்டர் என்று சொல்லப்படுகிறது. அதன் கூரையோ 230 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மீதி 80 மீட்டரும் 2021-இன் தொடக்கத்தில் நிறுவி முடிக்கப்பட்ட கூர்முனைதான். 2016-இல் திறக்கப்பட்ட வார்சா ஸ்பையரின் 220 மீட்டரில் கூரை வரை 180 மீட்டர். அதே ஆண்டில் முடிந்த க்யூ22 கட்டடம் 195 மீட்டர் எனப் பதிவாகியிருக்கிறது, கூரை 155 மீட்டர். 2006-இல் முடிந்த ரோந்தோ 1 கட்டடத்துக்கு 192, 159 என்ற இரண்டு எண்கள். மாறாக, போலந்தின் வூச் நகரில் பிறந்த டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த ஸ்வோத்தா 44 குடியிருப்புக் கட்டடம் தன் 192 மீட்டரையும் கூரையாலேயே எட்டுகிறது. ரோந்தோ 1, ஸ்வோத்தா 44 ஆகிய இரண்டையும் 192 என்ற ஒரே எண்ணின்கீழ் அருகருகே வைத்துவிட்டு நகர்கிற பட்டியலை நம்பிப் பயனில்லை.

ஆகவே இரண்டு நெடுவரிசைகளை வைத்துக்கொள்ளுங்கள்: கூரை உயரம் ஒன்று, மொத்த உயரம் மற்றொன்று. மொத்த உயரத்தின்படி அடுக்கினால் வார்சோ டவர் 310, அரண்மனை 237, வார்சா ஸ்பையர் 220, ஸ்கை டவர் 212, வார்சா டிரேட் டவர் 208, வார்சா யூனிட் 202 என்று வரிசை அமையும். கூரையின்படி அடுக்கினாலோ வார்சோ டவர் 230, ஸ்கை டவர் ஏறத்தாழ 206, ஸ்கைலைனர் 195, ஸ்வோத்தா 44 192, அரண்மனை சுமார் 188 என்றாகிவிடும். மூன்றாம் இடத்தில் இருந்த வார்சா ஸ்பையர் இப்போது முதல் ஐந்துக்குள்ளேயே இல்லை. ஒரு பட்டியலைத் தயாரித்து முடித்ததும் அதன் தலைப்பிலேயே எந்த அளவுகோலின்படி என்று எழுதிவிடுவது, பின்னால் வரும் பாதி வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

அரண்மனையின் எண்கள் தனி விளக்கம் வேண்டுபவை. சோவியத் ஒன்றியத்தின் அன்பளிப்பாக, லேவ் ருத்னேவின் வடிவமைப்பில் 1952-இல் தொடங்கி 1955-இல் முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குச் சில இடங்களில் 231 என்றும் சில இடங்களில் 237 என்றும் உயரம் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இடைப்பட்ட ஆறு மீட்டர், உச்சியில் உள்ள ஆன்டெனாவின் கணக்கு. மேலே நான் கொடுத்த 237, நுனி வரையிலான அளவு. கண்டிப்பான கட்டடக்கலை உயரம் வேண்டுவோர் 231-ஐ எடுத்துக்கொள்ளலாம். எப்படி எடுத்தாலும் மொத்த உயர வரிசையில் அதன் இரண்டாமிடம் பறிபோகாது. வ்ரோத்ஸ்வாஃபின் ஸ்கை டவருக்கு 206, 212 என்ற இரு எண்கள் வழங்குவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மூன்றாவது நெடுவரிசை ஆண்டு. கட்டுமானம் தொடங்கிய ஆண்டு, உச்சித்தளம் எட்டிய ஆண்டு, பயன்பாட்டுக்கு வந்த ஆண்டு ஆகியவற்றைக் கலக்காமல், நிறைவடைந்த ஆண்டை மட்டும் எழுதுவது நல்லது. இந்த எச்சரிக்கை வீணன்று: கிராக்கோ நகரின் யூனிட்டி டவர் 1975-இல் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டு, எலும்புக்கூடாக நெடுங்காலம் நின்று, 2020-இல்தான் முழுமை பெற்றது. ஆண்டு நெடுவரிசை இருந்தால், எந்தக் காலத்தில் எது உச்சத்தில் இருந்தது என்பதும் தானாகத் தெரியவரும். 1930-களின் முற்பகுதியில் வார்சாவில் எழுந்த 66 மீட்டர் ப்ருடென்ஷியல் கட்டடம் போருக்கு முந்தைய போலந்தின் உச்சியாக இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து வார்சாவில் நடந்த 1944 எழுச்சியின்போது கனரக பீரங்கிக் குண்டு தாக்கியும் அதன் எஃகுச் சட்டகம் விழாமல் நின்றது. அந்தச் சட்டகத்தை வடிவமைத்த பொறியாளர் ஸ்டெஃபான் ப்ரிவாவின் பெயர் இத்தகைய பட்டியல்களில் இடம்பெறாமல் போவது எனக்கு வருத்தமே.

பெயர்களுக்கும் ஒரு குறிப்புக் கட்டம் ஒதுக்குங்கள். அரண்மனை முதலில் ஸ்டாலின் பெயரைத் தாங்கியிருந்தது. 1999-இல் முடிந்த வார்சா டிரேட் டவரைக் கட்டியது தென்கொரியாவின் தேவூ நிறுவனம் என்பதால், பழைய ஆவணங்களில் அது அந்தப் பெயராலேயே குறிக்கப்படும். பழைய பெயரும் புதிய பெயரும் இரு கட்டடங்களாக ஒரே பட்டியலில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள முகவரியை ஒப்பிடுவதே எளிய வழி.

வார்சாவுக்கு நேரில் செல்பவர்கள் ஓர் எண்ணையாவது தாமே சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியிலுள்ள சாய்வுமானிச் செயலியும் ஒரு வரைபடமும் இருந்தால் போதும். உச்சி தெளிவாகத் தெரியும் சமதளமான இடத்தில் நின்று, அங்கிருந்து கட்டடம் வரையுள்ள கிடைத்தூரத்தை வரைபடத்தில் அளந்து, உச்சியின் ஏற்றக்கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தை அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கி, உங்கள் கண்மட்ட உயரத்தைக் கூட்டினால் கட்டடத்தின் உயரம் கிடைக்கும். அரண்மனையிலிருந்து 300 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அதன் நுனி ஏறத்தாழ 38 பாகையில் தெரிய வேண்டும்: 300-ஐ 0.781-ஆல் பெருக்கினால் 234, கண்மட்டத்தையும் சேர்த்தால் 236. இங்கே பலரும் சறுக்கும் இடம் தூரம்தான். அரண்மனையின் அடிப்பகுதி பக்கவாட்டில் பரந்து விரிந்தது; கூர்முனையோ நட்டநடுவில் நிற்கிறது. எனவே முன்சுவர் வரை அளக்காமல் கோபுரத்தின் மையம் வரை அளக்க வேண்டும். மேலும், இந்தத் தொலைவில் கோணத்தில் ஒரு பாகை பிசகினால் உயரம் எட்டு மீட்டருக்கு மேல் மாறிவிடும் என்பதால், பல முறை அளந்து சராசரி எடுப்பது அவசியம். கூரைக்கும் கூர்முனைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண வேண்டுமானால், அரண்மனையின் 30-ஆவது மாடியில், 114 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வையாளர் மாடத்துக்கு ஏறுங்கள்.

போலந்துக்கு வெளியே ஒப்பிடும்போதும் அதே அளவுகோலைக் கடைசி வரை பிடித்திருக்க வேண்டும். வார்சோ டவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக உயரமான கட்டடம் என்பது கட்டடக்கலை உயரத்தின்படி உண்மை. கூரையை வைத்துப் பார்த்தால், அதே ஃபாஸ்டர் நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட்டில் வடிவமைத்து 1997-இல் முடிந்த 259 மீட்டர் காமர்ஸ்பேங்க் டவர் அதைவிட உயரமானது. ஐரோப்பாக் கண்டம் முழுவதையும் எடுத்தால் ரஷ்யாவின் 462 மீட்டர் லக்தா சென்டர் முன்னால் நிற்கிறது. லண்டனின் ஷார்ட் 309.6 மீட்டர், அதை முழு எண்ணாக்கி 310 என்று எழுதிவிட்டால் வார்சோவுடன் சமநிலை என்று தோன்றும். முதல் நான்கைந்து இடங்களுக்காவது தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தை விட்டுவைப்பதும், பட்டியலின் கீழே அது எந்த மாதம் எந்த ஆண்டில் சரிபார்க்கப்பட்டது என்று குறிப்பதும், கட்டுமானத்தில் இருப்பவற்றை நிறைவடையும் வரை தனித்தாளில் வைப்பதும் இதனால்தான்.