இரண்டு டாக்டர், இரண்டு நோய்ப் பெயர்: அடுத்து என்ன செய்வது?

ஒருவர் தைராய்டு என்கிறார், இன்னொருவர் இரத்தசோகை என்கிறார் என்றால் உடனே மூன்றாவது டாக்டருக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். சோர்வும் முடி உதிர்வும் இரண்டிலுமே வரும், இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம். இருவரிடமும் இதைக் கேளுங்கள்: எதை வைத்துச் சொல்கிறீர்கள், எந்தப் பரிசோதனை இதை உறுதிப்படுத்தும்? இங்கே டிஎஸ்ஹெச் (தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பார்த்தாலே பெரும்பாலும் தெளிவு வந்துவிடும்.

அப்புறம், முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்த டெஸ்ட் எதற்கு என்றும் தயங்காமல் கேளுங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு படங்களையும் கேட்டு வாங்குங்கள், பயாப்சி (உடலிலிருந்து சிறு திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) ஸ்லைடுகளைக்கூட வேறொரு நோயியல் நிபுணர் மறுபடி பார்க்க முடியும், அதனால் பல நேரம் திரும்ப எடுக்கும் செலவும் வலியும் மிச்சம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் திடீரென மரத்துப்போவது என்றால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.