கிடா மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை போட்டுப் பாருங்க

கன்னி ஆடோ கொடி ஆடோ, எந்த ஆட்டு இனமா இருந்தாலும், எந்தக் குட்டியை கிடாவா விடுறதுன்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, முதல்ல ஒரு தராசு வாங்குங்க. எல்லாக் குட்டிக்கும் காதுல நம்பர் போட்டு 3 மாசத்துல எடை எழுதுங்க, பிறந்த தேதி, தாய், தகப்பன், ஒத்தையா ரெட்டையான்னு கூடவே எழுதணும், ஏன்னா ரெட்டைக் குட்டி ஒரே தாய்ப்பாலை பங்கு போட்டுக் குடிக்குது, அது எளைச்சிருந்தா ஜீனோட குத்தம் இல்ல. ரெட்டையை ரெட்டையோட மட்டும் ஒப்பிடுங்க. இதைப் பாக்காம நல்ல கிடாவை கறிக்கு அனுப்புறத நெனச்சா மனசு வலிக்குது.

இப்போ கணக்கு. மந்தை சராசரி 9 கிலோ, நீங்க எடுத்த கிடா 11 கிலோன்னு வெச்சுக்குவோம். அந்த 2 கிலோ அப்படியே குட்டிக்கு வராது. எடைக்கு ஹெரிட்டபிலிட்டி (எடை வித்தியாசத்துல ஜீன் வழியா குட்டிக்குப் போற பங்கு) 0.3ன்னா 2 கிலோவுல 0.6 கிலோ, அதுலயும் கிடாவோட பங்கு பாதிதான், பெட்டையையும் பாத்து எடுக்கலன்னா 0.3 கிலோதான் ஏறும். ஆனா தலைமுறைக்குத் தலைமுறை சேரும்.

அடுத்து ரத்த உறவு, இதுதான் முக்கியம். வெளிக்கிடா வராம ஒரே கிடாவை 20 பெட்டைக்கு விட்டா, 4×கிடா×பெட்டையை, அதாவது 4×1×20-ஐ, மொத்த ஆடு 21ஆல வகுங்க, 3.8 வரும். அதாவது மரபணு கணக்குல உங்க மந்தையே வெறும் 4 ஆடு மாதிரி, இன்பிரீடிங் (சொந்த ரத்தத்துக்குள்ளயே சேர்றது) அளவு தலைமுறைக்கு 13 சதவீதம் ஏறும். 4 கிடா வெச்சா 4 சதவீதத்துக்குள்ள நிக்கும். அப்பன் மகளோட சேர்ந்தா அந்தக் குட்டிக்கு ஒரே தடவையில இன்பிரீடிங் 25 சதவீதம்! அதனால மகள் பருவத்துக்கு வர்றதுக்குள்ள தூரத்து ஊர்க்காரரோட கிடாவை மாத்திக்குங்க.