ஊசி போடுற நாள்ல மாடும் மெரளக்கூடாது, வீடும் மெரளக்கூடாது

கொறங்காடு (முள்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சக்காடு) வெச்சு காங்கயம் மாடு வளக்குற வீட்டுல ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரி (வாய்லயும் குளம்புலயும் புண்ணு வர்ற நோய்) ஊசி நாள் வரும், அன்னிக்கு மாடு படுற பாட்ட விட மனுசங்க படுற பாடுதான் அதிகம். தாராபுரம் பக்கம் கல்யாணமாகி வந்து 14 வருசம் ஆச்சுங்க எனக்கு, பொறந்த வீட்டுல ஒரு ஆடு கூட கெடையாது. அதனால தப்புப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கிட்டதத்தான் எழுதறேன்.

பெரிய தப்பு, யாரு எங்க நிக்கணும்னு பேசிக்காமயே கடவ, அதான் வேலிக்கதவத் தொறக்குறது. மொத வருசம் மாமனார் இந்தப்பக்கம் இருந்து "ஓட்டு அம்மிணி"ங்கறாரு, வீட்டுக்காரர் அந்தப்பக்கம் இருந்து "அங்கயே நில்லு"ங்கறாரு, நான் நடுக்கடவுல நிக்கறேன். புதுசா கன்னு போட்ட மயிலை (சாம்பல் வெள்ளை மாடு) ஒண்ணு, கன்னு இன்னும் செவப்பாவே இருக்குது (காங்கயம் கன்னு பொறக்கறப்போ செவப்பு, ஆறு மாசம் ஆகறப்பதான் வெளுக்கும்), அது என்னப் பாத்ததும் சடார்னு திரும்பி கிளுவை வேலியில பாஞ்சுருச்சு. காம்புகிட்ட முள்ளு கிழிச்சு ரத்தம் சொட்டுது, கன்ன ஊட்ட விடாம பத்து நாள் எட்டி எட்டி ஒதைச்சுது. மூணு நாள் வீட்டுல யாரும் யாரோடவும் சரியா பேசல.

இப்பெல்லாம் காலைல காப்பி குடிக்கறப்பவே பேசிருவோம். மாமனார் ஒருத்தர் மட்டும்தான் சொல்லுவாரு, மத்தவங்க வாயத் தொறக்க மாட்டோம். கத்துனா மாடு யாரப் பாத்துக் கத்துறாங்கன்னு பாக்காது, அது பயந்துக்கும், பயந்த மாடு அடங்க அரை மணி நேரம் கூட ஆகும், அதுக்குள்ள டாக்டரு அடுத்த தோட்டத்துக்குக் கெளம்பிருவாரு.

நிக்கிற எடம் முக்கியம்ங்க. மாட்டுக்குக் கண்ணு ரெண்டு பக்கவாட்டுலயும் இருக்கறதால சுத்தியும் தெரியும், நேர் பின்னால மட்டும் தெரியாது, அங்க போய் நின்னா ஒதைதான். தோள்பட்டைக்கு நேரா ஒரு கோடு இருக்கறதா நெனைச்சுக்கோங்க, அதுக்குப் பின்னால ஒதுங்கி நின்னு ஒரு எட்டு கிட்டப் போனா மாடு முன்ன நகரும், கோட்டுக்கு முன்னால வந்தா நிக்கும், இல்லைன்னா திரும்பும். டெம்பிள் கிராண்டின்னு அமெரிக்காவுல ஒரு கால்நடை விஞ்ஞானி இதையேதான் படம் போட்டு வெளக்கறாங்க, எங்க மாமனாரு அவங்க பேரக் கூடக் கேட்டதில்ல, ஆனா கையில குச்சி இல்லாம அப்படியேதான் ஓட்டுவாரு. தனியா ஒரு மாட்ட மட்டும் பிரிச்சு ஓட்டாதீங்க, ரெண்டு மூணா ஓட்டுனா பதறாது.

கயித்தக் கையில சுத்திக்கறது, இத எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. மடிச்சுப் பிடிங்க, சுத்தாதீங்க, இழுத்தா விட்டுருங்க. மாட்ட அப்பறம் பிடிச்சுக்கலாம், வெரல் போனா வராது. கொழந்தைங்கள மேய்க்க அனுப்பறப்போ கயித்த இடுப்புல கட்டிக்கறானான்னு ஒருக்காப் பாத்துட்டு அனுப்புங்க.

கொழந்தைங்க விசயத்துல இன்னொண்ணு, காளைக்கன்னு நெத்தியில கைய வெச்சுத் தள்ளி வெளையாடறது. பாக்கறதுக்கு அழகாத்தான் இருக்கும். ஆனா அது முட்டப் பழகுதுன்னு அர்த்தம், ரெண்டு வருசம் கழிச்சு கொம்போட அதே வெளையாட்டுக்கு வரும். தாடைக்குக் கீழ சொறிஞ்சு குடுக்கச் சொல்லுங்க, போதும். ஊசி நாள்ல எங்க சின்னவன் வேலிக்கு வெளிய உக்காந்து நோட்டுல எந்த மாட்டுக்குப் போட்டாச்சுன்னு டிக் அடிப்பான், அவனுக்கும் ஒரு வேலை இருக்குதுன்னு பெருமை, எங்களுக்கும் கணக்குத் தப்பாது.

மாடு கன்னு வீசிருச்சுன்னா, அதாவது மாசம் நெறையாமயே கரு கலைஞ்சு விழுந்துருச்சுன்னா, நஞ்சுக்கொடியெல்லாம் வெறுங்கையில எடுக்காதீங்க, மாசமா இருக்கற பொண்ணுங்க கிட்டயே போக வேண்டாம், மாட்டுக்குக் கன்னு வீச வெக்கற புருசெல்லோசிஸ்ங்கற கிருமி நோய் அப்படித்தான் மனுசங்களுக்குத் தொத்தும். அதுக்குக் கிடேரிக்கன்னுக்கு நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள ஒரே ஒரு ஊசி, அத விட்டுறாதீங்க. காய்ச்சாத பாலும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, மிச்சச் சோத்த மாட்டுக்கு வெக்கறது, இதுல நாங்க ஒரு மாட்டையே எழந்துருக்கோம். வீட்டுல விசேசம், சோறு மிச்சமாயிருச்சு. மாமியார் பாவம்னு ஒரு அன்னக்கூடை கொட்டுனாங்க, அது தெரியாம வீட்டுக்காரரும் ஒண்ணு கொண்டுபோய் வெச்சாரு, நானும் கழனித்தொட்டியில கஞ்சி ஊத்துனேன். மூணு பேருமே பாசத்துலதான் வெச்சோம். ராத்திரியே படுத்துருச்சு, விடியறப்போ போயிருச்சு, வயித்துல சோறு புளிச்சு அமிலமாயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு அன்னிக்கே போன் பண்ணிருக்கணும், தானா எந்திரிச்சுக்கும்னு இருந்துட்டோம். இப்போ மாடு கட்டற கட்டுத்தாரை செவுத்துல ஒரு சாக்பீஸ் கட்டித் தொங்குது, யாரு என்ன வெச்சாலும் எழுதிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்.