அயிரைக்கு மணல் மாற்றினேன்
கடலூர் மீன் சந்தையில் உயிரோடு ஆறு அயிரை வாங்கித் தொட்டியில் விட்டேன். (குழம்புக்கு இல்லையா என்று அம்மா கேட்டது தனிக்கதை.) அயிரைதானா என்று பார்க்க வலையில் எடுத்தேன். வாயைச் சுற்றி எட்டு மீசை, கண்ணுக்குக் கீழே மடங்கிய கவைமுள் (நுனி இரண்டாகப் பிரிந்த முள்). சரி, அதேதான். ஆனால் அந்த முள் வலையில் மாட்டிக்கொண்டது. மீனை இழுக்காமல் வலையை வெட்டினேன். இப்போதெல்லாம் டம்ளரால்தான் பிடிக்கிறேன்.

பத்தே நாளில் மீசைகள் தேய்ந்துவிட்டன. தொட்டியின் அடியில் போட்டிருந்த கூரான சரளைக்கல்லின் வேலை. அதற்குப் பதில் மணல் போடலாம் என்று நினைத்தேன். தேவனாம்பட்டினக் கடல் மணல் பக்கத்தில்தான், ஆனால் உப்பும் கிளிஞ்சலும் கலந்தது. கிளிஞ்சல் கரைந்தால் தண்ணீர் கடினமாகும். நைசான ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் போகும்வரை அலசி, இரண்டு அங்குலம் பரப்பினேன். அன்று இரவே புதைந்துகொண்டு கண்ணை மட்டும் காட்டின. மீசையும் மெல்ல வளர்ந்தது.

அப்புறம், அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கினால் பதற வேண்டாம். குடலாலும் மூச்சுவிடும் மீன் இது.