கோடவுனில் வெளிவாசல் தூரத்தை நடந்து அளப்பது எப்படி

ஒரகடம் பக்கம் கோடவுன்களில் ஒன்பது வருஷமாக சேஃப்டி ஆபீசர் வேலை. புது ஷெட் கைக்கு வந்தால் டிராயிங்கைக் கடைசியில்தான் பிரிப்பேன். முதலில் எடுப்பது தள்ளிக்கொண்டே போகும் அளவுச் சக்கரம்.

விதி சின்னதுதான். என்.பி.சி. 2016 (தேசியக் கட்டிட விதித்தொகுப்பு), நாலாம் பகுதி: தீப்பிடித்தால் தப்பி ஓட, சரக்குக் கிடங்கில் எந்த மூலையில் நின்றாலும் 30 மீட்டருக்குள் வெளிவாசல் இருக்கணும். கட்டிடம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் (தீயில் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்) என்றால் பாதி கூட்டி 45. தின்னர் மாதிரி குப்பென்று பற்றும் சரக்குக்கான அபாயகர வகைக் கட்டிடத்துக்கு 22.5. அமெரிக்கப் பார்ட்டிகள் கொண்டுவரும் டிராயிங்கில் 250 அடி, அதாவது 76 மீட்டர் என்றிருக்கும். அது அவர்கள் ஊர்க் கணக்கு, இங்கே செல்லாது.

இந்த 45-ஐ ஆள் நடக்கும் வழியில் அளக்காமல் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் அளந்துவிடுவார்கள், அங்கேதான் வம்பு. போன மாதம் ஒரு ஷெட். ரேக் வரிசை ஒவ்வொன்றும் 48 மீட்டர் நீளம், நடுவில் குறுக்குவழி கிடையாது. வரிசையின் நட்டநடுவில் நின்று தள்ள ஆரம்பித்தேன். முனைக்கு 24, அங்கிருந்து சுவருக்கு 6, சுவரோரமாகக் கதவுக்கு 20. மொத்தம் 50. டிராயிங்கில் ஸ்கேல் வைத்தவர் எழுதியிருந்தது 36! எதிர்முனைக்குப் போனாலும் அதே கதை. ஸ்பிரிங்க்ளர் இருந்தும் 5 மீட்டர் இடித்ததால் சுவரை உடைத்து இன்னொரு கதவு வைக்க வேண்டியதாயிற்று.

டாக் ஷட்டரை, அதாவது லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்துச் சுருட்டுக் கதவை, கணக்கில் சேர்க்காதீர்கள். கரண்ட் போன இருட்டில், புகைக்குள் நின்று செயின் இழுத்து அதை ஏற்றுவது யார்? கதவு என்றால் குறைந்தது 1 மீட்டர் அகலம், சாவி இல்லாமல் வெளிப்பக்கம் திறக்கணும். திருட்டுப் பயத்தில் பூட்டு தொங்கவிட்ட கதவை என் நோட்டில் சுவர் என்றே குறித்துக்கொள்வேன்.

காலையில் அளக்காதீர்கள், தரை துடைத்த மாதிரி இருக்கும். கண்டெய்னர் இறங்கும் சாயங்கால நேரத்தில் போங்கள். வழியில் பாலெட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) கிடந்தால் சக்கரமும் சுற்றித்தான் போகணும்.

அளந்த எண்ணைத் தேதியோடு ரேக் காலில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஒரு ரேக் நகர்ந்தாலும் மறுபடி சக்கரத்தை எடுக்கணும்.