நாவலையும் தொடரையும் ஒப்பிடுவது எப்படி: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையையும், அதைத் தழுவி அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரையும் ஒப்பிடுகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரு பட்டியலோடு நின்றுவிடுகிறது. நாவலில் லானிஸ்டர் குடும்பத்தின் இளைய மகன் டைரியனின் மூக்கு அறுபடுகிறது, தொடரில் முகத்தில் ஒரு தழும்போடு தப்பிவிடுகிறான். நாவலில் கூலிப்படைத் தலைவன் டாரியோ தாடிக்கு நீலச் சாயம் பூசியிருக்கிறான், தொடரில் அது இல்லை. நாவலின் ஆஷா தொடரில் யாரா ஆகிவிட்டாள். எல்லாம் உண்மைதான். ஆனால் இப்படி நூறு வேறுபாடுகளைத் திரட்டினாலும் தழுவலைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் விளங்கிவிடாது. ஒரு காட்சி நாவலில் என்ன வேலை செய்தது, அதே வேலையைத் தொடரில் யார் செய்கிறார்கள், யாருமே செய்யவில்லை என்றால் அந்தக் குறை பின்னால் எந்த இடத்தில் வெளிப்படுகிறது என்று தேடிப் போவதுதான் பயனுள்ள ஒப்பீடு. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். இரண்டின் முக்கியத் திருப்பங்களும் வெளிப்படையாகப் பேசப்படுவதால், இன்னும் படிக்காதவர்களும் பார்க்காதவர்களும் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். நாவல்கள் 1996, 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் ஐந்து பாகங்களாக வந்தன. வரிசை இன்னும் முடியவில்லை. தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதத்தில் எட்டு சீசன்களோடு முடிந்துவிட்டது. முதல் சீசன் முதல் நாவலையும் இரண்டாம் சீசன் இரண்டாம் நாவலையும் ஓரளவு நேராகப் பின்பற்றுகின்றன. மூன்றாம் நாவலான 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' மூன்று, நான்கு ஆகிய இரு சீசன்களில் பரவியிருக்கிறது. நான்காம், ஐந்தாம் நாவல்கள் பெரும்பகுதி ஒரே காலத்தில் வெவ்வேறு இடங்களில் நடப்பவற்றைச் சொல்பவை. அவை முக்கியமாக ஐந்தாம் சீசனில் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. ஆறாம் சீசனில் அயர்ன் தீவுகளின் அரசத் தேர்வு, ரிவர்ரன் முற்றுகை போன்ற சில எச்சங்கள் தவிர மற்றவை நாவல்களைத் தாண்டிச் சென்றுவிட்டன. ஆகவே எட்டாம் சீசனை வைத்துக்கொண்டு 'நாவலைக் கெடுத்துவிட்டார்கள்' என்று சொல்வது பொருளற்றது; கெடுப்பதற்கு அங்கே நாவலே இல்லை. சிறுமி ஷிரீன் எரிக்கப்படுவதும் பணியாள் ஹோடரின் பெயருக்குப் பின்னால் உள்ள கதையும் மார்ட்டினிடமிருந்து வந்தவை என்று தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் சொல்லியிருக்கிறார்கள். அவை நிகழும் சூழலும் காரணமும் நாவலில் இதே போலிருக்கும் என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது.

அடுத்து, நாவலைப் படிக்கும்போது ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் யாருடைய பெயர் தலைப்பாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் கண்ணுக்கும் மனத்துக்கும் உள்ளே நின்றே சொல்லப்படுகிறது. முதல் நாவல் முன்னுரையோடு சேர்த்து 73 அத்தியாயங்கள் கொண்டது (தொடரின் மொத்த எபிசோட்களும் 73 என்பது வேடிக்கையான தற்செயல்). முன்னுரை நீங்கலாக அவை அத்தனையும் எட்டே பேரின் பார்வையில் அமைந்தவை. வடக்கின் அரசனாக முடிசூடும் ராப் ஸ்டார்க்குக்கு எந்த நாவலிலும் ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. அவனைப் பெரும்பாலும் தாய் கேட்லினின் கண்வழியாகவே அறிகிறோம். டைரியனின் தந்தை டைவின், அரசன் ராபர்ட், சூழ்ச்சிக்கார அமைச்சன் லிட்டில்ஃபிங்கர் ஆகியோருக்கும் சொந்த அத்தியாயம் இல்லை. கேமராவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. யாருடைய மனத்துக்குள்ளும் நுழைய முடியாத கேமரா, அதற்கு ஈடாக யாருடைய அறைக்குள்ளும் நுழைந்துவிடும். தொடரின் பெரிய லாபங்களும் பெரிய இழப்புகளும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

லாபத்துக்கு இரண்டு உதாரணங்கள் போதும். முதல் சீசனின் ஐந்தாம் எபிசோடில் ராபர்ட்டும் அரசி செர்சியும் தனியே அமர்ந்து, பாழாய்ப்போன தங்கள் திருமணத்தைப் பற்றி ஏறக்குறைய நட்போடு பேசிக்கொள்ளும் காட்சி நாவலில் இல்லை. அப்போது அந்த இருவருமே பார்வைப் பாத்திரங்கள் அல்ல என்பதால் இருக்கவும் முடியாது. இரண்டாம் சீசனில் ஹாரன்ஹால் கோட்டையில் ஸ்டார்க் குடும்பச் சிறுமி ஆர்யா டைவினுக்கு மது ஊற்றும் பணிப்பெண்ணாகிறாள். நாவலில் அவள் அங்கே பணிபுரிவது ரூஸ் போல்டனுக்கு. எதிரிக் குடும்பத் தலைவனையும் தன்னை மறைத்து வாழும் சிறுமியையும் ஒரே அறையில் வைத்ததால், நாவலின் அந்தப் பகுதியில் பெரும்பாலும் தூரத்து அச்சுறுத்தலாகவே இருந்த டைவினுக்கு ஒரு முகமும் அறிவும் கிடைத்துவிடுகின்றன. இத்தகைய காட்சிகளை 'சொந்தச் சரக்கு' என்று தள்ளிவிடாமல், நாவலின் எந்தப் போதாமையை அவை நிரப்புகின்றன என்று எழுதி வையுங்கள்.

இழப்பை அளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது டைரியனின் கதையைத்தான். பதின்மூன்று வயதில் அவன் டைஷா என்ற ஏழைப் பெண்ணை மணக்கிறான். அவள் காசுக்கு அமர்த்தப்பட்ட விலைமாது என்று அண்ணன் ஜேமியைக் கொண்டு சொல்லவைத்த டைவின், அவளைக் காவலர்களிடம் ஒப்படைத்து, மகனையும் பார்க்கவைக்கிறார். இந்தக் கதையை முதல் நாவலிலும் டைரியன் சொல்கிறான், முதல் சீசனின் ஒன்பதாம் எபிசோடிலும் சொல்கிறான். அதாவது தொடரும் அதே விதையை ஊன்றியது. மூன்றாம் நாவலின் முடிவில், சிறையிலிருந்து தம்பியை விடுவிக்கும் ஜேமி, அவள் விலைமாது அல்ல, உண்மையிலேயே அவனை விரும்பி மணந்தவள் என்று ஒப்புக்கொள்கிறான். அந்த நொடியில் சகோதர பாசம் முறிகிறது. அரசன் ஜாஃப்ரியைக் கொன்றது நான்தான் என்று ஜேமியின் மனம் நோகவேண்டும் என்பதற்காகவே டைரியன் பொய் சொல்கிறான். தந்தையைத் தேடிப் போய், அவள் எங்கே என்று கேட்டுவிட்டே அம்பை எய்கிறான். 2014-இல் வந்த நான்காம் சீசன் முடிவில் இந்த ஒப்புதல் இல்லை. சகோதரர்கள் அன்போடு பிரிகிறார்கள், டைரியன் தந்தையிடம் திரும்பிச் செல்வதற்கே வலுவான காரணம் இல்லாமல் போகிறது, அவனுடைய காதலி ஷே கொல்லப்படும்போதுகூட அவள் முதலில் கத்தியை எடுப்பதாகக் காட்டி அவன் குற்றம் குறைக்கப்படுகிறது.

ஒப்பீடு இங்கே நின்றால் 'ஒரு வசனத்தை வெட்டிவிட்டார்கள்' என்பதோடு முடிந்துவிடும். ஐந்தாம் நாவலுக்குப் போங்கள்: அங்கே டைரியன் கசப்பும் குரூரமும் நிறைந்த குடிகாரன், விலைமாதர்கள் போகும் இடத்துக்குப் போயிருப்பாள் என்று தந்தை சொன்ன பதிலையே, விலைமாதர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியாக்கித் திரிகிறான். தொடரின் ஐந்தாம் சீசனிலிருந்து நாம் பார்ப்பது மெல்ல மெல்ல நல்லெண்ண ஆலோசகனாக மாறும் இன்னொரு மனிதனை. பிற்காலச் சீசன்களில் டைரியனின் கூர்மை மங்கிவிட்டது என்று குறைப்படும் ரசிகர்கள் அதன் வேரை ஏழாம் சீசனில் தேடுகிறார்கள். வேர் நான்காம் சீசனின் கடைசி எபிசோடில் இருக்கிறது.

இதே முறையில் ஸ்டார்க் குடும்பத்தில் வளர்ந்த ஜான் ஸ்னோவையும் அவனுடைய ஓநாயையும் ஆராயலாம். நாவல்களில் ஓநாய்க்குள் புகுந்து காணும் கனவுகள் ஸ்டார்க் குடும்பச் சிறுவன் பிரானுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆர்யாவும் காண்கிறாள், இரண்டாம் நாவலில் ஜான் தன் ஓநாய் கோஸ்ட்டின் கண்வழியே பனிமலைக்கு அப்பால் உள்ள படையைப் பார்க்கிறான். ஐந்தாம் நாவலின் முன்னுரை, விலங்குக்குள் புகும் ஆற்றல் பெற்ற வேரமிர் என்பவன் இறந்து ஓநாயின் உடலில் இரண்டாம் வாழ்வு பெறுவதைச் சொல்கிறது. அதே நாவலில் பெண் பூசாரி மெலிசாண்ட்ரே தீயில் ஜானை மனிதனாகவும் ஓநாயாகவும் மீண்டும் மனிதனாகவும் காண்கிறாள். குத்தப்பட்டு விழும் ஜான் கடைசியாக உச்சரிப்பது கோஸ்ட்டின் பெயரை. ஒரே புத்தகத்தில் வைக்கப்பட்ட இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற வாசகன், மரணத்துக்குப் பின் ஜான் எங்கே இருப்பான் என்று ஊகிக்க முடியும். தொடர் இந்த ஆற்றலை ஸ்டார்க் பிள்ளைகளில் பிரானுக்கு மட்டும் ஒதுக்கியது. ஓநாய்களைக் கணினி வரைகலையில் காட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால் அவை திரையில் வரும் நேரமும் குறைந்தது. விளைவாக, ஆறாம் சீசனில் உயிர்த்தெழும் ஜான் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்வதோடு மரணம் முடிந்துவிடுகிறது. உயிர்த்தெழுந்தவனிடம் மாற்றமே இல்லையே என்ற பரவலான ஆதங்கத்துக்கு இதுவே அடிப்படை.

ஒரு மாற்றம் ஏன் நேர்ந்தது என்று எழுதும்போது படைப்பாளிகளின் ரசனையை மட்டும் காரணமாகக் காட்டாதீர்கள். கதை தொடங்கும்போது நாவலில் டெனேரிஸுக்குப் 13 வயது, ராப்புக்கும் ஜானுக்கும் 14, சான்சாவுக்கு 11, ஆர்யாவுக்கு 9. அந்த வயதுக் குழந்தைகளை வைத்து இந்தக் கதையைப் படமாக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும், ஆகவே எல்லோருக்கும் சில ஆண்டுகள் கூட்டப்பட்டன. ஆனால் நியாயமான காரணத்துக்கும் விளைவு உண்டு. நாவலின் ராப் காயமுற்றுக் கிடக்கையில், தம்பிகள் இறந்துவிட்டதாக வந்த செய்தியின் துயரத்தில் ஜெய்ன் வெஸ்டர்லிங்கோடு ஓர் இரவைக் கழித்து, அவள் மானத்தைக் காக்க மறுநாளே மணக்கும் சிறுவன். தந்தையிடம் கற்ற நேர்மையே அவனைக் கொல்கிறது. தொடரின் ராப், விளைவு தெரிந்தே டலிசாவைக் காதலித்து மணக்கும் இளைஞன். வேறு குடும்பத்துப் பெண்ணை மணப்பதாகக் கொடுத்த வாக்கை மீறியதற்காக ராப் கொல்லப்படும் சிவப்புத் திருமணம் (தொடரில் 2013 ஜூனில் ஒளிபரப்பானது) இரண்டிலும் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒன்றில் நாம் பார்ப்பது நேர்மையின் தண்டனையை, மற்றதில் காதலின் தண்டனையை.

பெயர் மாற்றங்களில் நேரம் செலவிட வேண்டாம். ஓஷா என்ற பாத்திரத்தோடு குழம்பக்கூடாது என்று ஆஷா யாரா ஆனாள், அவ்வளவுதான்.

நினைவை நம்பி எழுதுவதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. தொடரைப் பலமுறை பார்த்தவர்களின் மனத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. குழப்பத்தை ஓர் ஏணி என்று லிட்டில்ஃபிங்கர் சொல்லும் புகழ்பெற்ற வசனம் நாவலில் இல்லை. மரண தேவனிடம் 'இன்று இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பவனும் தொடரில் வரும், ஆர்யாவின் வாள் ஆசான் சிரியோ மட்டுமே. இறந்தோர் படையை நடத்தும் இரவு மன்னன் வெளிவந்த ஐந்து நாவல்களில் எங்கும் தோன்றுவதில்லை. அங்கே அந்தப் பெயரை ஒத்த ஒரு பழங்கதை மட்டும் உண்டு, அது வடக்குச் சுவரைக் காக்கும் காவல் படையின் பதின்மூன்றாம் தளபதியைப் பற்றியது. ஆகவே 'நாவலில் இப்படி' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத் திறந்து அத்தியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டே எழுதுங்கள்.

முன்கதையாக 2022-இல் தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடருக்கு வரும்போது இந்த முறையையே சற்று மாற்ற வேண்டும். அதன் மூலமான 'ஃபயர் அண்ட் பிளட்' (2018) நாவல் வடிவில் எழுதப்பட்டதன்று. கில்டேய்ன் என்ற கற்பனை அறிஞர், நிகழ்ச்சிகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஒன்றோடொன்று முரண்படும் சாட்சிகளைத் தொகுத்து எழுதிய வரலாறு என்ற பாவனையில் அமைந்தது. அரசியல் சார்புள்ள மதகுரு யூஸ்டஸ் ஒன்று சொல்வார், அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் அதையே ஆபாசமாக வேறு விதமாகச் சொல்வான். ஆகவே இங்கே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் குறிப்பேட்டில் ஒரு பத்தி கூடுதலாகத் தேவை: இதைச் சொன்னது யார், அவர் அங்கே இருந்தாரா? இளவரசி ரெனிராவின் கணவன் லேனோரின் மரணம் நூலில் பலர் அறிய நடந்த கொலை, தொடரில் கடல் கடந்து தப்புவதற்கான நாடகம். இது வெளிப்படையான மாற்றம். நூலில் அரசி அலிசென்ட் ரெனிராவைவிட ஒன்பது வயது மூத்தவள், தொடரில் இருவரும் இளமைத் தோழியர், இதுவும் அப்படியே. ஆனால் புயலில் ரெனிராவின் மகன் லூசெரிஸைத் துரத்திய, அலிசென்ட்டின் மகன் ஏமண்ட் கொல்லும் எண்ணத்தோடு போனானா, அல்லது தொடர் காட்டுவதுபோல நாகம் அவன் கட்டளையை மீறியதா என்ற கேள்வி வேறு வகையானது. மேகத்துக்கு மேலே நடந்ததைக் கண்டு திரும்பியவன் ஏமண்ட் ஒருவன்தான், அவன் மனத்தில் இருந்தது எந்தச் சாட்சியின் கைக்கும் எட்டாதது. அந்த இடத்தை 'நூலிலிருந்து விலகல்' என்ற தலைப்பின் கீழ் எழுதாமல், நூல் வெற்றிடமாக விட்டதைத் தொடர் நிரப்பிய இடங்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் வைத்து அதில் எழுதுங்கள். இந்தத் தொடரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம்தான் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும்.