மருத்துவச் செலவுக் கவலை உள்ள வீட்டில் பிள்ளைகளோடு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை

அரசின் மருத்துவக் கொள்கை மாறப்போகிறது, காப்பீட்டுச் சலுகை குறையக்கூடும் என்ற பேச்சு எழும்போது, தொடர்சிகிச்சையில் ஒருவர் இருக்கும் வீட்டில் பெரியவர்களின் நேரம் படிவங்களிலும் தொலைபேசிக் காத்திருப்பிலும் கரைந்துவிடுகிறது. அந்தக் கவலை வீண் கவலை அன்று. மொத்த வீட்டுச் செலவில் 10 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குக் கையிலிருந்து போனாலே அதைப் பெருஞ்சுமையாகக் கணக்கிடும் வழக்கம் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகளில் பல ஆண்டுகள் இருந்துவந்தது. ஆனால் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் கழுவாமல் குவிந்த பாத்திரங்களும் அம்மாவின் உயர்ந்த குரலுமே; தன்னால்தான் இந்தக் கோபமோ என்று அது நினைத்துக்கொள்கிறது.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் பேசிவிடுங்கள். எதிரெதிரே உட்காரவைத்துப் பேசினால் பிள்ளை மிரண்டுபோகும். துவைத்த துணியை மடித்துக்கொண்டே பேசுவதுதான் என் அனுபவத்தில் எளிது. ஒருநாள் என் மகள் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “அப்பாவுக்கு இனிமேல் மருந்து கிடைக்காதாம்மா?” என்று கேட்டாள். செய்தியை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “இந்த மாதத்து மருந்து அலமாரியில் இருக்கிறது. விதிகள் மாறினால் என்ன செய்வது என்று நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், அது பெரியவர்களின் வேலை” என்றேன். கையிலிருந்த காலுறையைச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாமல் போகலாம். “நீ வேலை செய்யாவிட்டால் அப்பாவுக்கு உடம்பு மோசமாகிவிடும்” என்பதை மட்டும் எந்தக் களைப்பிலும் சொல்லிவிடாதீர்கள், ஏனெனில் நோயின் பொறுப்பைச் சுமக்கும் பிள்ளைக்குத் துடைப்பத்தைப் பார்த்தாலே பயம் வந்துவிடும்.

எந்த வேலை யாருக்கு என்பதைப் பிள்ளைகளையும் கேட்டு முடிவுசெய்யுங்கள். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதோடு, தானே தேர்ந்தெடுத்த வேலையைப் பிள்ளை அவ்வளவு சுலபமாகக் கைவிடுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளை பொம்மைகளை எடுத்துவைக்கும், ஏழு வயதில் மேசை துடைக்கலாம், பத்து வயதுக்கு மேல் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கலாம். அதை எடு, இதைக் கொடு என்று துண்டு துண்டாக ஏவாமல், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரிடமே விடுங்கள். நேரமில்லாதபோது நமக்கு உண்மையில் பாரமாக இருப்பது, ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து ஏவுவதுதான்.

மருத்துவம் சார்ந்த வேலைகளில் மட்டும் எல்லையைத் தெளிவாக வகுத்துவிட வேண்டும். பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்குவதைப் பத்து வயதுப் பிள்ளை நன்றாகவே செய்யும்; காப்பீட்டுக்காகப் பழைய தாள் ஒன்றைக் கேட்கும்போது அந்தக் கோப்பின் அருமை தெரியும். மாத்திரை அட்டைகளில் உள்ள காலாவதித் தேதியை நீங்கள் பக்கத்தில் இருக்க அது வாசித்துச் சொல்லலாம். மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அளவு பார்ப்பதும் பெரியவர்களிடமே இருக்கட்டும்; வேலை முடிந்ததும் மருந்துகள் கைக்கு எட்டாத, பூட்டிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கழிப்பறை கழுவும் திரவங்களையும் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்: பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியா சேர்ந்தால் நுரையீரலைப் பாதிக்கும் வேறு வாயுவும் கிளம்பும்.

பிள்ளை மடித்த துணி கோணலாகத்தான் இருக்கும். அதன் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். மறந்துபோன வேலையை ஒருமுறை நினைவூட்டினால் போதும். அப்படியும் மறந்தால், வேலை அதற்குப் பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணிநேர உறக்கம் தேவை; வீட்டு வேலை அதையோ பள்ளிப் பாடத்தையோ விளையாட்டையோ தின்றுவிட்டால் உடனே குறையுங்கள். சொல்லாமலே எல்லாவற்றையும் செய்யத் தொடங்கும் பிள்ளையை எல்லோரும் மெச்சுவார்கள், ஆனால் எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் அதிகக் கவலை. வாய்விட்டுச் சொல்லாத பயம் அது செய்யும் வேலையில் தெரிகிறதோ என்று பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

சலுகை நீடிக்கிறதா, குறைகிறதா என்பது உறுதியாகத் தெரிந்த அன்றே, எந்த முடிவானாலும், அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டு வேலைப் பங்கீட்டை அவர்களோடு சேர்ந்து மறுபடி பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.